பெட்ரோல் குழாய் வெடித்த அன்று

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை, ஆனால் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் படித்துக்கொள், பிறகு உட்கார்ந்து மீதியைப் படி.

அப்பாவின் பழைய காரில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் வைக்கிறேன் என்று உன் அண்ணன் ஆரம்பித்தான் அல்லவா, அதில்தான் வந்தது வினை. டாங்குக்குள் புது பம்ப், எஞ்சின்மேல் இன்ஜெக்டர், டேஷ்போர்டுக்கு அடியில் குட்டிக் கம்ப்யூட்டர், எல்லாம் வைத்தாகிவிட்டது. பெட்ரோல் வருகிற பழைய ரப்பர் குழாயை மட்டும் மாற்ற உன் அப்பா விடவில்லை. புது பம்ப் தள்ளுற வேகத்துக்கு இது தாங்காதுப்பா, வெடிச்சிரும் என்று இவன் தலைபாடாக அடித்துக்கொண்டான். இத்தனை வருஷம் தாங்குனது இன்னைக்கு மட்டும் புட்டுக்குமா, எனக்கே பாடம் நடத்துறியா என்று அவர் குதித்தார். பிடித்த முயலுக்கு மூன்றே கால். புதுக் குழாய் வாங்க இவன் கடைக்குப் போன நேரத்தில் பழையதையே மாட்டி வண்டியைக் கிளப்பிவிட்டார். எஞ்சின் அழகாகத்தான் ஓடியது. அண்ணன் வாசலில் நுழையவும், பாத்தியாடா என்று பானெட்டுக்குள் கையை நீட்டினார். குழாய் பிளந்து பெட்ரோல் சூடான புகைக்குழாய்மேல் பீய்ச்சியடித்துத் தீப்பிடித்தது. அவர் வலது கை தோள்வரை எரிந்தது. அண்ணன் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து மண்ணில் புரட்டினான், நான் ஈரப் போர்வையைப் போட்டு அமுக்கினேன். கார் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. தோல் உரிந்து தொங்கும் கையோடு எழுந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? உன் இன்ஜெக்‌ஷன்தான்டா என்னைக் கொளுத்துச்சு என்று இடது கையால் ஸ்பேனரை எடுத்து அண்ணன் முகத்தில் வீசினார். புருவம் பிளந்து கண் முழுக்க ரத்தம். அவன் பளாரென்று அவரை அறைந்தான். மறுபடி மண்ணில் விழுந்தார்.

அண்ணனுக்கு அந்தக் கண்ணில் பார்வை மிஞ்சுமா என்பது கண் கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். பெற்றவரை அடித்தது தப்பு, அதை அவனிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் உன்னிடம் எதற்கு மறைக்க, அந்தச் சத்தம் கேட்டபோது என் வயிறு குளிர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அந்தச் சத்தம் என் கன்னத்திலிருந்துதான் வந்திருக்கிறது. அவனை வீட்டைவிட்டுத் துரத்தணும், நீயும் அதைச் சொல்லணும் என்று அப்பா உனக்கு போன் செய்வார், அழுவார், இரங்கிவிடாதே. அவன் போனால் என் பெட்டியும் கூடவே போகும். நேற்று அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். கையை ஓங்கப் பார்த்தார், கட்டுப் போட்ட கை எழும்பவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளை தங்கமானவர்தான், இருந்தாலும் சொல்கிறேன், யார் கை ஓங்கினாலும் ஒருநாள்கூடப் பொறுத்துப் போகாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். போனில் பேசும்போது முதலில் அண்ணன் கண்ணை விசாரி, அப்பா கையை அப்புறம் விசாரிக்கலாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா