எங்கள் படிக்கட்டின் சம்மதம்

செப்டம்பர் 9

எதிர் வீட்டில் நாள் வாடகைக்குத் தங்கியிருந்த போலந்துக்காரர்கள் இருவரும் காலையில் கிளம்பிவிட்டார்கள். மலையேறின பூட்ஸைப் பாத்திரத் தொட்டியில் கழுவியிருக்கிறார்கள், சேறு அடைத்துக்கொண்டது. போகும்போது நெஞ்சில் கை வைத்து நன்றி வேறு. நாலாயிரம் மீட்டர் ஏறத் தெரிகிறது, மண்ணை வாசலில் தட்டத் தெரியவில்லை.

ஆனால் இவர்கள் வந்தால்தான் என் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை. அண்ணன் ரஷ்யாவுக்குப் போகும்போது எனக்கு விட்டுப்போன வீடு அது. மாத வாடகைக்கு விட்டால் மருந்துக்கே சரியாகிவிடும். நாள் வாடகைதான் சிகிச்சைக்குச் சேர்கிறது.

செப்டம்பர் 14

நகராட்சி புது விதி போட்டிருக்கிறது. நாள் வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் அடுக்குமாடியில் அதே படிக்கட்டில் ஏறி இறங்கும் எல்லா வீட்டாரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கவேண்டுமாம். பனிச்சறுக்குக்காரர்கள் வரத் தொடங்குமுன் முடிக்க வேண்டும். "குடியிருப்போர் நிம்மதிக்காக" என்று நகர மன்ற உறுப்பினர் ஷெய்ஷென்பெக் முழங்கியிருக்கிறார்.

ஏரிக்கரையில் அவருடைய நாலு மாடிக் கட்டடம் முழுக்க நாள் வாடகைக்குத்தான் ஓடுகிறது. ஆனால் அது ஓட்டல் கணக்காம். யார் சம்மதமும் வேண்டாமாம்.

என்னிடம் பூகோளம் படித்தவன். வடக்கு எது என்று கேட்டால் தான் நிற்கிற பக்கத்தைக் காட்டுவான். இன்னும் மாறவில்லை.

செப்டம்பர் 20

கட்டடக் கமிட்டித் தலைவர் கென்ஜெபெக் வீட்டில் தொடங்கினேன். "இது குடித்தனமா சத்திரமான்னு எல்லாரும் கேக்கறாங்க, சைரகுல். நம்ம பிள்ளைங்க வளர்ற எடம்." ஒழுக்கம் பற்றி ஒரு பிரசங்கம். நான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். தேநீர் ஆறியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணு கல்யாணம் வருது. சம்பந்தி வீட்டுக்காரங்க நரீன்லேர்ந்து வர்றாங்க. அந்த வாரம் உன் எதிர் வீட்டச் சும்மா குடுத்தேன்னா..."

"சரிண்ணே" என்றேன். சத்திரம் உடனே குடித்தனமாகிவிட்டது.

செப்டம்பர் 21

கீழ் வீட்டுத் தம்பதி. மனைவி அண்ணன் வீட்டில் இருக்கும் ஃபிரிட்ஜைக் கேட்டாள். புருஷன் படி வரை வழியனுப்ப வந்து, அவளுக்குத் தெரியாமல், இரண்டு புட்டி வோட்கா கேட்டான். என்ன பொருத்தம். ஒரு வீட்டில் ஒரு கையெழுத்து போதாதா? இருவருக்கும் கொடுத்தேன்.

செப்டம்பர் 23

இனி ஒருத்திதான் பாக்கி. அண்ணன் வீட்டுச் சுவரை ஒட்டின பக்கத்து வீட்டுக்காரி, புருல்சா. ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் இரவெல்லாம் போன் எடுப்பவள்.

"மாட்டேன் அக்கா."

"என்ன வேணும், சொல்லு."

"ஒண்ணும் வேணாம். விடிஞ்சப்புறம்தான் வந்து படுக்கறேன். உங்க ஆளுங்க பெட்டியப் படிக்குப் படி இடிச்சு இறக்கறாங்க. சுவர் அட்டை மாதிரி இருக்கு. எனக்குத் தூங்கணும்."

கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடத் திட்டிவிட்டு வந்திருப்பேன். நான் திரும்பிப் போகிறவரை மரியாதையாக நின்றாள். பெரிய மகாராணி! ஊரில் மற்றவர்கள் யாரும் தூங்குவதில்லையா?

செப்டம்பர் 30

கறி வைத்த சம்சா சுட்டுக் கொண்டுபோனேன். சாப்பிட்டாள். மாலையில் தட்டைக் கழுவி, ஆப்ரிகாட் வத்தல் நிறைய வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். கையெழுத்து இல்லை.

அக்டோபர் 8

கென்ஜெபெக்கின் சம்பந்திகள் கிளம்பினார்கள். போலந்துக்காரர்களே தேவலை.

அக்டோபர் 17

ஷெய்ஷென்பெக் ஆள் அனுப்பிக் கூப்பிட்டான். போனேன். தோல் நாற்காலி, சுவரில் அவனே குதிரைமேல்.

"இந்த வயசுல எதுக்கு டீச்சர் வீடு வீடா ஏறிக்கிட்டு? உங்க வீட்டையும் நம்ம ஓட்டலோட சேத்துருவோம். கதவுல நம்ம பலகை. வர்றதுல பாதி உங்களுக்கு. கையெழுத்தே தேவைப்படாது."

"பக்கத்து வீட்டுப் பொண்ணு சண்டைக்கு வருவாளே?"

"வரட்டும். புகார் எழுதுனா அது என் மேஜைக்குத்தான வரும்?" சிரித்தான்.

விதியை எழுதும்போதே தான் நுழைய ஓட்டையையும் அளவெடுத்து எழுதியிருக்கிறான். பேனாவை என் பக்கம் நகர்த்தினான். எடுத்தேன் — ஆமாம், எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

நான் நல்லவள் என்று இங்கே எழுதிக்கொள்ள மாட்டேன். புருல்சாவின் தூக்கத்தை நினைத்து என்றும் சொல்ல முடியாது. இவன் பெயர் போட்ட பலகை என் அண்ணன் வீட்டுக் கதவில் தொங்குவதை நினைத்தேன். அவ்வளவுதான்.

"யோசிக்க என்ன இருக்கு டீச்சர்?"

"உனக்கு அந்தப் பழக்கம் கிடையாதுப்பா."

திரும்பும் வழியில்தான் தோன்றியது. இந்த ஒரு மாதத்தில் என்னிடம் எதுவும் கேட்காமல் பேசியது ஒருத்திதான். அவள் சொன்னது "மாட்டேன்."

அக்டோபர் 28

பள்ளிக்குப் புதிதாக வந்த கணக்கு வாத்தியாருக்கும் மனைவிக்கும் எதிர் வீட்டை மாத வாடகைக்கு விட்டுவிட்டேன். சிகிச்சை அடுத்த வருடம். இல்லை, அதற்கும் அடுத்த வருடம். கால் வலி உயிர் போகுது. எவன் கேட்டான் என்னை ரோஷப்படச் சொல்லி? முட்டாக் கெழவி.

ஃபிரிட்ஜைத் திருப்பிக் கேட்டேன். கீழ் வீட்டுக்காரிக்கு என் முகமே மறந்துவிட்டது.

நவம்பர் 12

புருல்சா வேலைக்குப் போகும் வழியில் வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். அவளுக்கு அந்த எண்ணமே இல்லை.

"கமிட்டித் தலைவர் தேர்தல் வருது அக்கா. கென்ஜெபெக் மறுபடி நிக்கறார். நான் உங்க பேரச் சொல்லப் போறேன்."

"எனக்கு இந்தக் கட்டடத்துல ஒருத்தரையும் பிடிக்காதே."

"தெரியும். அதனாலதான்."

அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போய்விட்டாள்.

நவம்பர் 16

மாலை ஆறுக்குத் தேர்தல் கூட்டம். கென்ஜெபெக் வருகிறவர்களுக்கெல்லாம் பிலாவ் சோறு போடுகிறாராம். போடட்டும், தின்றுவிட்டு வரட்டும். நீலக் கோட்டைத் தேய்த்து வைத்திருக்கிறேன்.