இடுப்பில் கட்டிய சட்டை

26.7.1974, ஆடி வெள்ளி, மாத்தளை.

இன்று கோயிலில் சட்டையைக் கழற்றினேன். ஆண்கள் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அதனாலேயே இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து வாசலோடு கும்பிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் அம்மா எனக்குத் தாவணி கட்டிப் பெண்கள் பக்கம் நிறுத்துவாள். நெஞ்சில் ஆபரேஷன் செய்துகொண்டு ஆணாக இங்கே வந்த பிறகும், அந்த இரண்டு தழும்புகளை யாரிடமும் காட்ட மனமில்லை.

அடுத்த வீட்டு மாணிக்கம் அண்ணன் பக்கத்தில் நின்றார். பார்த்துவிட்டார்.

“தம்பி, நெஞ்சுல என்னங்க?”

“ஆபரேஷன் பண்ணினது.”

“ஆறிருச்சுங்களா?”

“ஆறிருச்சு.”

“அப்ப சட்டைய இடுப்புல கட்டுங்க. தரையில இழுபடுது.”

கட்டிக்கொண்டேன். ஐயர் திருநீறு கொடுத்தார். நெற்றியில் மட்டும் பூசினேன்.

“மார்புலயும் பூசுங்க” என்றார் அண்ணன்.

மருந்து போடுவதற்கு அல்லாமல் நான் அங்கே கை வைத்தது இதுதான் முதல் தடவை. கோடுகள் தழும்புக்கு மேல் கோணலாக விழுந்தன.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தும்போதுதான் கவனித்தேன். சட்டை இன்னும் இடுப்பில் இருந்தது. கடைத்தெரு முழுக்க அப்படியே நடந்து வந்திருக்கிறேன்.