நாலு ஜிபிக்குள் ஓர் எக்ஸ்பி

இன்று காலை என் மடிக்கணினி, புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டது. சரி என்றேன். கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இடம் போதவில்லை என்று நின்றுவிட்டது. பழுதுபார்க்கும் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுரலாம் மேடம், அதான் சுலபம்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அதன்பிறகு வேறு வேலை ஓடவில்லை. நீ போய் இரண்டு வருடம் முடியப்போகிறது. உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. நீ இருந்தவரை எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. பத்தடி தள்ளித்தானே உட்கார்ந்திருந்தாய்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் சேவுகம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, திண்டுக்கல்லில் நம் கூட்டுறவு அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்தபோது, நீ அங்கே டெலிபோன் ஆபரேட்டர். பிறந்ததிலிருந்தே உனக்குப் பார்வை கிடையாது. எந்தக் கிளைக்கு என்ன நம்பர், எந்தச் செயலாளர் எத்தனை மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்து டீ குடிக்கப் போவார் என்பதெல்லாம் உன் தலைக்குள் இருந்தது. "அவரு இப்ப இருக்க மாட்டாரு, பதினொண்ணே காலுக்குக் கூப்டுங்க" என்று நீ சொன்னால் அது அப்படியே நடக்கும். என்னைவிட நாலு வயது மூத்தவள். அக்கா என்று கூப்பிட்டேன். "அக்காவெல்லாம் வீட்ல இருக்குறவங்களுக்கு. பேரச் சொல்லு புள்ள" என்றாய்.

பிறகு ஒருநாள் அலுவலகத்துக்குப் புது டெலிபோன் அமைப்பு வந்தது. யாருக்குப் பேச வேண்டுமோ அவர்களே நம்பரை அழுத்திக்கொள்ளலாம். ஆபரேட்டர் வேண்டாம். உன் டெலிபோன் சுவிட்ச் போர்டைக் கழற்றிக்கொண்டு போன அன்று மேலாளர் உன்னைக் கூப்பிட்டார். ஒரு கோப்பில் கையெழுத்து வாங்க நானும் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. குரலில் இரக்கம்தான் இருந்தது.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. சம்பளம் பாட்டுக்கு வரும். காலைல வந்து கையெழுத்துப் போட்டுட்டு சும்மா ஒக்காந்துருங்க, போதும்."

"சும்மா ஒக்கார்றதுக்கா சார் சம்பளம்? கடிதப் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கே. அங்க போடுங்க. டைப்ரைட்டிங் ஹயர் பாஸ் பண்ணிருக்கேன்."

"அங்க எல்லாம் இப்ப கம்ப்யூட்டரும்மா. நீங்க அதுல என்ன செய்வீங்க?"

"திங்கக்கிழமை வந்து செஞ்சு காட்டுறேன். அதுக்கப்புறம் முடியாதுன்னு சொல்லுங்க."

வெளியே வந்ததும் உன் நடை வேகமானது. கோபத்தில்தான். நீ பயந்து நான் பார்த்ததில்லை.

உன்னிடம் ஒரு மடிக்கணினி இருந்தது. யாரோ பயன்படுத்தி ஓய்ந்ததை, மதுரையிலிருந்த பார்வையற்றோர் சங்கம் ஒன்று உனக்குக் கொடுத்திருந்தது. தூக்கினால் தோள் இறங்கிவிடும் கனம். வன்தட்டில் இடம் மொத்தமே நாலு ஜிபி. விண்டோஸ் 98. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அதில் இருந்தது. இலவசமாகக் கிடைத்த பதிப்பு என்பதால் நாற்பது நிமிடம் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். மறுபடி பேச வைக்க அணைத்துப் போட வேண்டும். அந்த ஊமைப்பெட்டியை வைத்துக்கொண்டு மேலாளர் முன்னால் உட்கார முடியாது. முழுக்க இலவசமாக, நிறுத்தாமல் பேசும் மென்பொருள் ஒன்று புதிதாக வந்திருந்தது. அது 98க்குப் பிறகு வந்த விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். சங்கத்தார் அந்த மென்பொருளையும் எக்ஸ்பி சிடியையும் சேர்த்தே கொடுத்தனுப்பினார்கள்.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, உன்னிடம் பேசாமல் என்னிடம் பேசினார். "இதுல எக்ஸ்பி ஏறாதுங்க. இடமே இல்ல. எல்லாத்தையும் அழிச்சாத்தான் உண்டு. அதுக்குப் பதிலா இதத் தூரப் போட்டுட்டு வேற வாங்கச் சொல்லுங்க அவங்கள."

"நான் இங்கதான் நிக்கிறேன்" என்றாய். மூடியைச் சாத்தி, பையில் வைத்து, நீயே தோளில் மாட்டிக்கொண்டாய்.

மறுநாள் ஞாயிறு. நீ சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்ததும், மேட்டுப்பட்டியில் உன் அண்ணன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். உன் அண்ணி எங்களுக்குச் சேர்த்துச் சமைத்துக்கொண்டிருந்தார். சிடியைப் போட்டேன். ஒன்றரை ஜிபி காலியாக வேண்டும் என்றது. இருந்தது அதில் பாதிதான். எதையாவது வெளியே எடுத்து வைக்கலாம் என்றால் வழியில்லை. அந்தப் பெட்டியால் சிடியில் எழுத முடியாது. என் பென் டிரைவைச் சொருகினேன். 98க்கு அது என்ன பொருள் என்றே தெரியவில்லை.

உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வாசித்தேன். 'சத்தம்' என்று ஒரு கோப்புறை. அதுதான் பெரியது. திறந்தால் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் வண்டிக்கு ஆள் கூப்பிடும் கண்டக்டர், பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு விலை கூறுவது, உன் அப்பா வேலையிலிருந்து வந்து சட்டையை உதறிக் கொடியில் போடுவது, உன் அண்ணன் மகள் பல்லில்லாத வாயால் ஜெபம் சொல்வது. அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பதிந்திருக்கிறாய்.

"இத அழிச்சா எக்ஸ்பி ஏறிரும்" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நீ கத்தவில்லை. "உன் கல்யாண ஆல்பத்த அடுப்புல போடுவியா?"

அந்தக் கோப்புறையை மூடினேன்.

"இதுல படம் எம்புட்டு இருக்கு, பாரு."

பார்த்தேன். முன்பு அதை வைத்திருந்தவர் படம் வரைகிறவர் போலிருக்கிறது. வரையும் மென்பொருள்கள், ஆயிரக்கணக்கில் பொம்மைப் படங்கள், பூக்கள், கொடிகள், பார்டர்கள். திரைக்குப் பின்னால் வைக்கும் மலைகளும் கடல்களும். கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது நீந்தும் மீன்கள். சீட்டாட்டம்.

"அம்புட்டையும் எடுத்துரு. கண்ணு இருக்கவங்களுக்குன்னு வச்சது எதுவும் எனக்கு வேணாம். ஒவ்வொண்ணா பேரச் சொல்லிட்டு அழி, நான் கேக்கணும்."

சொல்லிச் சொல்லி அழித்தேன். மலை போனது. கடல் போனது. மீன் போனபோது நீ சிரித்த சிரிப்பில் உன் அண்ணி கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று கேட்டார். "வீட்ட ஒதுங்க வைக்கிறோம் அண்ணி" என்றாய்.

அப்படியும் முந்நூறு எம்பி குறைந்தது. மிச்சம் இருந்த பெரிய கோப்புறை ஒன்றுதான். துறைத் தேர்வுக்காக இரண்டு வருடமாக மதிய இடைவேளைகளில் நான் உனக்கு வாசித்துப் பதிந்து கொடுத்த கூட்டுறவுச் சங்க விதிமுறைப் புத்தகம். அத்தனையும் என் குரல். அதன் பெயரை நான் சொன்னதும் கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாய்.

"அத அழிச்சுரு."

"தேர்வு இன்னும் எழுதலையே."

"அம்புட்டும் மனப்பாடம். நீ எந்தப் பக்கத்துல தும்முனங்கிறது வரைக்கும் தெரியும்."

அழிக்கும் பொத்தானை மட்டும் உன் கையை வைத்து நீயே அழுத்தினாய்.

மறுபடி சிடி ஓடியது. பழைய விண்டோஸுக்குத் திரும்புவதற்கான நகலை வைக்க இடமில்லை, அது இல்லாமல் தொடரலாமா என்று கேட்டது. இதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. "பாதியில நின்னுச்சுன்னா பழசும் இருக்காது, புதுசும் இருக்காது. நாளைக்கு வெறும் பெட்டியத்தான் தூக்கிட்டுப் போகணும்" என்றேன்.

"திரும்பி எங்க போறது? சுவிட்ச் போர்டயே கழட்டிட்டாங்க. அமுக்கு."

அதன்பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம். பேச்சில்லாத பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "ஓடுது... ஓடுது... நின்னுருச்சு, பாரு" என்று நீ சொல்ல, அது கேட்கும் இடத்தில் எல்லாம் நான் பொத்தானை அழுத்தினேன். சோறு ஆறிப்போனது. கடைசியில் எக்ஸ்பி எழுந்தது. புது மென்பொருளைப் போட்டேன். தகரக் குரலில் "டெஸ்க்டாப்" என்றது. நீ இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாய். பென் டிரைவைச் சொருகினால் இந்த முறை அதை அடையாளம் கண்டுகொண்டது. முதல் வேலையாக 'சத்தம்' கோப்புறையை அதில் நகலெடுத்தோம். அப்புறம்தான் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை மேலாளர் அறையில் பாதி அலுவலகமே நின்றது. தலைமை அலுவலகத்துக்கு ஓர் ஆங்கிலக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நீ அடித்தாய். நடுவில் அந்தத் தகரக் குரல் கடகடவென்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. மேலாளர் திடுக்கிட்டு, "என்னம்மா சொல்லுது?" என்றார்.

"இடமில்ல, இடமில்லன்னு சொல்லுது சார். நேத்துலருந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா வேல நடக்குது, பாருங்க. நீங்க அடுத்த வரியச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. கடிதத்தை முடித்து, வாசிக்கவைத்துக் கேட்டு, இரண்டு எழுத்துப் பிழைகளை நீயே திருத்தினாய். பிறகு மேலாளர் சொன்ன ஒரு விதி எண் தவறு என்றாய். அவர் புத்தகத்தை எடுக்கச் சொல்லிப் பார்த்தார். நீ சொன்னதுதான் சரி. "பாக்கலாம்மா, மேல எழுதிக் கேக்குறேன்" என்றார்.

அந்த 'பார்க்கலாம்' ஏழு மாதம் இழுத்தது. ஆணை வரும்வரை காத்திருக்காமல் மறுநாளே நீ கடிதப் பிரிவின் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாய். எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆணை வந்தபோது, "இது என்ன, நான் இருக்குற எடத்துக்கு எனக்கே வழி சொல்லுது" என்றாய். அந்த நாற்காலியில்தான் கடைசிவரை வேலை பார்த்தாய். காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அந்த வெள்ளிக்கிழமைகூட மேசையில் ஒரு கடிதம் பாக்கி வைக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கு நீ இல்லை.

உன் அடக்கப் பூசைக்கு வந்திருந்தேன். கோயில் நிறைய ஆட்கள். ஃபாதர் நல்லவர், உன்னைப் பற்றி அன்பாகத்தான் பேசினார். வாழ்நாளெல்லாம் இருளில் துன்பப்பட்டவர், இனி ஒளியைக் காண்பார் என்றார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது. எல்லாம் முடிந்ததும் அவரிடம் போனேன்.

"ஃபாதர், நான் உங்க கோயிலச் சேர்ந்தவ இல்ல. ஆனா இருபத்தேழு வருசம் அவகூட வேல பாத்தவ. அவ இருட்டுலயும் இல்ல, துன்பமும் படல. வேல இல்லன்னாங்க, வாங்கிக்கிட்டா. அத யாராவது சொல்லிருக்கணும்."

"நீங்களே சொல்லிருக்கலாம்மா" என்றார். அது உண்மை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் நத்தம் கிளையிலிருந்து ஓர் அம்மாவை நம் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். பக்கவாதம் வந்து வலது கை விளங்கவில்லை. இப்போதிருக்கும் மேலாளர், "ஒரு நாற்காலி போட்டு ஒக்கார வைங்க, அவங்ககிட்ட வேல ஒண்ணும் கேக்காதீங்க" என்றார். இவரும் கெட்ட மனிதர் இல்லை. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியைத் தேடினார். நான் தபால் பதிவேட்டை எடுத்துப்போய் அவர் இடது கைப்பக்கம் விரித்து வைத்தேன். "மெதுவா எழுதுங்க. கோணலா இருந்தாலும் பரவால்ல" என்றேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். செத்த நேரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா முதல் வரியை எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

இந்தத் திமிர் என் வீட்டில் யாருக்கும் கிடையாது. உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. திருப்பித் தருவதாக இல்லை.