ஜிட்டர்பக் என்பது நோயல்ல

ஹார்லெம்,
1938 மே 9

அன்புள்ள அப்பாவுக்கு அர்லீத்தா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நம் ஊர் லூசியஸ் அங்கே வந்து, "உங்க பொண்ணு ஜிட்டர்பக் ஆயிட்டா" என்று சொல்லியிருப்பான். பயப்படாதீர்கள், அது நோயல்ல. வேகமான பாட்டுக்கு உடம்பை உதறி ஆடுகிறவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

நேற்று மதியம் நடன மண்டபத்தில், என்னோடு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் தியோடிஸ் என்னைத் தூக்கிச் சுழற்றினார். கை நழுவியதில் டிரம் அடிப்பவரின் காலடியில் போய் விழுந்தேன். கூட்டமே சிரித்தது. அவர் அடிப்பதை நிறுத்தாமலே, "ஏம்மா ஜிட்டர்பக், பாட்டு இன்னும் முடியலையே, எந்திரி!" என்றார். எழுந்து மீதிப் பாட்டையும் ஆடினேன். கைதட்டல் ஓயவேயில்லை, அப்பா! மணிக்கட்டு கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அம்மா காய்ச்சும் தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள், வறுத்த வேர்க்கடலையும். ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காமல்தான் முதலில் அந்த மண்டபத்துக்குப் போனேன். இப்போது ஞாயிறுதோறும் தியோடிஸின் அக்கா தன் வீட்டில் எனக்கும் ஒரு தட்டு வைக்கிறாள்.

ஆடுவது பாவம் என்று நீங்கள் சபையில் பிரசங்கிப்பதை நான் மறக்கவில்லை. வேலைக்கு மணி அடித்துவிட்டது. திட்டியாவது எழுதுங்கள், அப்பா. உங்கள் கையெழுத்தைப் பார்த்து இரண்டு மாதமாகிறது.

அர்லீத்தா