மழைப் பழமொழியில் சட்டிதான்!

நீ சொன்னதுதான் சரி. இன்று காலை தாம்பரத்தில் வண்டி கிளம்பியதும் பத்திரிகையை விரித்தேன். அச்சு மை வாசனையோடு நம் குறுக்கெழுத்துப் பக்கம். தோல் பதனிடும் ஆலையால் பெயர் வந்த ஊர், ஆறு எழுத்து. "குரோம்பேட்டை!" என்று கத்தியேவிட்டேன். எதிரே இருந்த பெண் பதறிப்போய்ப் பையைத் தூக்கினாள். "உட்காரும்மா, சானடோரியமே இன்னும் வரல" என்றேன்.

அந்த ஊர்ப்பெயரின் 'ட்' போய் விழுந்த இடத்தைப் பார்த்தேன். நம் மழைப் பழமொழி! 'எத்தனை மழை பெய்தாலும் கவிழ்த்த ____ நிறையாது.' விட்டுப்போன சொல்லுக்கு மூன்று எழுத்து, நடுவில் 'ட்'. சட்டி! நீ சொன்ன அதே சட்டி!

இதற்காக என்ன சண்டை போட்டோம், நினைவிருக்கிறதா? வரலாற்றுக் கேள்விக்குப் பேனா, பழமொழிக்குப் பென்சில் என்பது நீ போட்ட சட்டம். "ராஜா கட்டின ஊர் மாறாதுடி, பழமொழி வீட்டுக்கு வீடு மாறும்" என்பாய். அன்று நீயே சட்டத்தை மீறி, சட்டி என்று பேனாவால் எழுதினாய். எங்கள் வீட்டில் அது குடம். பல்லவர் துறைமுகமான மாமல்லபுரத்தின் கடைசி 'ம்' என் குடத்துக்குத்தான் பொருந்தியது. நீ விடுவாயா? "ஏன், பல்லவருக்கு வேற துறைமுகமே இல்லையா?" என்று வரலாற்றையே மாற்றப் பார்த்தாய். பூக்கூடையோடு நின்ற அக்கா, "இன்னாம்மா, காலங்காத்தால சட்டி, குடம்னு கத்திகினு கீறீங்க?" என்று கேட்டும் நாம் அடங்கவில்லை. எழும்பூரில் இறங்க மறந்து கடற்கரை நிலையம்வரை போய்ச் சேர்ந்தோம்.

மருத்துவமனையிலும் நீ ஒப்புக்கொள்ளவில்லை. ஊசி குத்திய கையை ஆட்டி, "என்னைக்காவது ஒருநாள் சட்டி வரும். அப்ப நீயே எனக்கு ஃபோன் பண்ணுவே, பாரு" என்றாய்.

வந்துவிட்டதே! நான் யாருக்குப் பண்ணுவேன்? நீ இல்லை என்பது அந்த நொடியில் சுருக்கென்று குத்தியது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி, "என் ஃப்ரெண்டு ஜெயிச்சுட்டா!" என்றேன். என்ன ஏது என்று தெரியாமலே நாலைந்து பேர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சாயங்காலம் மகளிடம் அந்தப் பழமொழியை உன் வீட்டுப்படியே சொன்னேன்.

"குடம்னுதானேம்மா சொல்வோம்? இது யார் சொன்னது?" என்றாள்.

"உன் பெரியம்மா" என்றேன்.

எங்கள் வீட்டிலும் இனிமேல் சட்டிதான்.