மடிப்பில் தெரிந்த பச்சை

உன் காரியத்தன்று உன் அக்கா ஒரு போட்டோவை என் கையில் திணித்தாள். பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்ததாம். அந்துருண்டை வாசம் இன்னும் போகவில்லை. கார்மேல் சாய்ந்து நிற்கும் வெள்ளைக்காரன், அவன் தோளை ஒட்டி மயில்கழுத்துப் பட்டுப் புடவையில் நீ. "இது உன் வேலதானே? இப்பவாச்சும் சொல்லுமா" என்றாள். என் பேரைக் கெடுத்த அந்தப் போட்டோவை நான் அன்றுதான் முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

பிள்ளையார்பாளையத்து பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்திருப்போம். இணையத்தில் வாராவாரம் அந்தப் போட்டி நடக்கும். அவர்கள் தரும் படத்தோடு நம் படங்களை, ஒட்டியது தெரியாமல் ஒட்டி அனுப்ப வேண்டும். எங்கெங்கிருந்தோ ஓட்டு விழும். நம் படங்களை எல்லாம் ஒரு சிடியில் ஏற்றி நான் வைத்திருப்பேன், வேண்டும்போது நீ வாங்கிக்கொள்வாய். உனக்கோ எதைப் பார்த்தாலும் சந்தேகம். யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்தாலும் மூக்கு முட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "ஒட்டு வேலடி இது. நெழலு எந்தப் பக்கம் வுழுது பாரு" என்பாய்.

மயில்கழுத்துப் புடவையில் நீ நிற்கும் படத்தை ஒட்டி ஒரு வாரம் தோற்றோம். ஒரே துணி இங்கே நீலம், அங்கே பச்சை, ஒட்டத் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். நெசவில் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம் என்றால் அப்படித்தான் தெரியும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? "நெஜத்த நம்ப மாட்றானுங்கடி" என்று எரிச்சல்பட்டாய். அடுத்து கார்மேல் சாய்ந்த வெள்ளைக்காரன் படம் போட்டிக்கு வந்தபோது, அதே புடவையில் உன்னை அவன் பக்கத்தில் ஒட்டி, மடிப்புகளில் இருந்த பச்சையை எல்லாம் நீலமாக்கிவிட்டுத்தான் அனுப்பினாய்.

பிறகு உனக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை வீடு பட்டுக்கடைக்காரர்கள். உனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "புடிச்சா என்ன, புடிக்கலன்னா என்ன? யாரு கேட்டுக்கினு இருக்காங்க?" என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பேர் போடாத கவரில் அந்தப் படம் அவர்கள் கடைக்குப் போனது. அவர்கள் அதை உன் வீட்டில் வீசிவிட்டுச் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். நீ நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாய். "சிடி உங்கிட்டதான இருந்துது? வேற யாரு அனுப்புவா?" என்று என் அம்மா எதிரிலேயே கேட்டாய். நான் சத்தியம் செய்தேன். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாய்.

அதன்பிறகு கல்யாணப் பேச்சு நடக்கும் எந்த வீட்டுக்குள் நான் நுழைந்தாலும் பேச்சு நின்றது. சென்டர்காரரைச் சந்தேகப்பட்டேன். உன்னைப் பெண் கேட்டுக் கிடைக்காமல் போன உன் மாமன் மகனைச் சந்தேகப்பட்டேன். உன்னை மட்டும் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

அக்கா தந்த போட்டோவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மடிப்பில் பச்சை இருந்தது. இணையத்திலிருந்து யாராவது எடுத்திருந்தால் முழு நீலம்தான் கிடைத்திருக்கும். அதை ஒரு பட்டுக்கடைக்காரர் பார்த்திருந்தால், மயில்கழுத்து இப்படியா இருக்கும் என்று உடனே கேட்டிருப்பார், குட்டு உடைந்திருக்கும். நம் ஊர்க் கண் நம்ப வேண்டும் என்று யாரோ மெனக்கெட்டு ஒவ்வொரு மடிப்பிலும் பச்சையைத் திரும்ப வைத்திருக்கிறார்கள். அது உன்னாலும் என்னாலும்தான் முடியும். நான் செய்யவில்லை.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போன தங்கையை இனிமேல் அவள் சந்தேகப்பட வேண்டாம் என்று தோன்றியது. "ஆமாங்க்கா, நான்தான்" என்றேன். "நல்லா இருப்பியா நீ" என்று அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. பழி என் தலையில் விழுந்ததற்காக இல்லை. அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் அந்தக் கவரை நானே கொண்டுபோய்ப் போட்டிருப்பேனேடி.