நீ பேனாவால் எழுதிய பந்தி

அஜக்ஸ் நகருக்கு வீடு மாறப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் தமிழ்ச் சங்கத்தின் அந்தப் பழைய ஆண்டுமலர் கையில் அகப்பட்டது. உன் கட்டுரையின் ஓரத்தில் நீல மையில் உன் எழுத்து. நீ போய் இரண்டு பனிக்காலம் முடிந்துவிட்டது. எழுத்து மட்டும் இன்னும் என்னோடு சண்டைக்கு நிற்கிறது.

இலங்கையில் பௌத்தம் எப்படி வந்தது, எப்படி நாட்டின் முதல் மதமானது என்று எழுதப்போவதாக நீ சொன்னபோது எனக்குப் பயம் பிடித்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த மல்வேர்னில் தமிழர் வீட்டுக்கு வீடு போருக்கு ஆளைப் பறிகொடுத்திருந்த காலம். உன் தம்பியும் அந்தப் போரில்தான் போனான். ஆனாலும் நீ வடக்குக் கடலோரத்து மாதகல்காரி. சங்கமித்தை போதிமரக் கிளையோடு வந்திறங்கியதாகச் சொல்லும் துறை உங்கள் வீட்டுக்குக் கிட்ட. அரசன் ஏற்ற மதம், தமிழரும் தழுவிய மதம், பிறகு அரசியலமைப்பில் முதலிடம் பிடித்த மதம். மூன்றையும் ஒரே கட்டுரையில் சொல்லத்தான் வேண்டும் என்று நின்றாய்.

பழைய பாளி நூலில் அந்தத் துறையின் பெயரைக் கண்ணால் பார்க்கவேண்டுமென்று என்னையும் ஸ்காபரோவில் ஒரு விகாரைக்கு இழுத்துப் போனாய். வெறுங்கையோடு போகக்கூடாதென்று இடியப்பமும் சொதியும் கட்டினாய். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரப் பகல் ஒன்றரை மணியாகிவிட்டது. பிக்குமார் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடுவதில்லை. இரண்டாயிரம் வருட வரலாறு தெரிந்த உனக்கு இது மறந்துபோனது. முதிய பிக்கு சிரித்துவிட்டு எங்களையே இருத்திச் சாப்பிட வைத்தார். நூலை விரித்துப் பெயரை வாசித்தவருக்கு, அந்த இடம் இன்று எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. நீ உன் சிங்களத்தில் வழி சொன்னாய், சந்தியால் திரும்பி, கடற்கரையால் நேரே என்று, அவர் நாளைக்கே நடக்கப்போகிறவர் மாதிரி. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மலர்க்குழு அந்தத் துறை பற்றிய பந்தியை எடுக்கச் சொன்னது. இந்த நேரத்தில் எங்கள் கரையை ஏன் சிங்களவருக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றார்கள். ரைப் செய்தவள் நான். உன்னைக் கேளாமலே எடுத்துவிட்டேன்.

வெளியீட்டு விழாவில் நீ பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாய். மலர்கள் அடுக்கியிருந்த வாசல் மேசையில் இருந்துகொண்டு, அந்தப் பந்தியை ஒவ்வொரு பிரதியின் ஓரத்திலும் எழுதத் தொடங்கினாய். குழுவினர் வந்து மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் பதினொன்று முடித்திருந்தாய். ஒன்றை என் கையில் தந்தாய்.

“மரம் எங்கடை துறையிலை இறங்கினது. பிறகு அதைச் சட்டத்துக்குள்ளை நட்டதுக்கு மரம் என்ன செய்யும்?”

பஸ் தரிப்பில் நான் சாக்குச் சொல்லத் தொடங்கினேன், கட்டுரை நீண்டுவிட்டது, அதனால்தான் கொஞ்சம் திருத்தினேன் என்று.

“பயந்துபோனன் எண்டு சொல்லு,” என்றாய். “திருத்தினன் எண்டு சொல்லாதை.”

அடுத்த கிழமை ஒன்றும் நடவாததுபோல வந்து என் வீட்டில் தேத்தண்ணி குடித்தாய். அந்த மனசு எனக்கு வாய்க்கவில்லையடி. உன்னைப்போல ஒருத்தியைப் பிறகு நான் காணவுமில்லை.

போன மாதம் மலர்க்குழு உன் நினைவாகக் கட்டுரையை மறுபடி போடக் கேட்டது. பந்தியோடு என்றால்தான் தருவேன் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். குழுவுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி, அந்தப் பந்தி அப்போது ஏன் அச்சில் வரவில்லை என்று கேட்டாள்.

“நான் பயந்துபோனன்,” என்றேன்.